எமிக்ரேன்னா யாரு? தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

பிரெஞ்சுப் புரட்சி பத்தி எதைப் படிச்சாலும் எமிக்ரேன்னு ஒரு சொல் வந்துட்டே இருக்கும். லத்தீன்ல எமிக்ராரேன்னா இருந்த இடத்த விட்டுக் குடிபோறது, அதுலருந்து வந்த சொல்தான். ஆனா 1789 ஜூலைல பாரிஸ்ல பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்த கையோட ராஜா பதினாறாம் லூயியோட தம்பி ஆர்த்வா பிரபு மூட்டை கட்டிட்டாரு, அவர் பின்னாடியே பிரபுக்கள், பாதிரிமார், ராணுவ அதிகாரிங்கன்னு ஆயிரக்கணக்குல நாட்ட விட்டே கிளம்பினாங்க, அப்புறம் இது வசைச் சொல்லாவே ஆயிடுச்சு. 1793 சட்டப்படி எமிக்ரே லிஸ்ட்ல பேர் ஏறினா சொத்து போச்சு, திரும்பி வந்தா உயிரும் போச்சு.

பதினாறாம் லூயியோட மூத்த பொண்ணு மரி தெரேஸையும் சிலர் இந்தக் கணக்குல சேத்துடறாங்க, எனக்கு அது ஒப்பல. ஓடப் பாத்தது 1791ல ஒரே தடவ, அதுவும் 12 வயசுல அப்பா அம்மாவோட வண்டில, வரேன்ங்கற ஊர்ல மாட்டிக்கிட்டாங்க. 1792 ஆகஸ்ட்லருந்து பாரிஸ் தாம்ப்ள் கோட்டைல சிறை. அப்பா, அம்மா, அத்தை மூணு பேரையும் கில்லட்டின்ல வெட்டிட்டாங்க, தம்பி சிறையிலயே செத்துட்டான். 1793 அக்டோபர்ல அம்மா போனது 1795 வரைக்கும் அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, அம்மாவப் பத்திக் கேட்டா சேதியே கிடைக்கலன்னு அறைச் சுவத்துல கீறி வச்சிருந்தா. 1795 டிசம்பர்ல, 17 வயசு முடியற நேரத்துல, சுவிட்சர்லாந்து பாசெல் ஊர் கிட்ட கொண்டு போயி ஆஸ்திரியாகிட்ட ஒப்படைச்சு பதிலுக்குப் பிரெஞ்சுக் கைதிங்கள வாங்கிக்கிட்டாங்க. அதுல ஒருத்தர் ட்ரூவே, வரேன்ல இவங்க குடும்பத்தக் காட்டிக் குடுத்த அதே ஆளு! இதுல அவங்களா எங்க கிளம்பிப் போனாங்க? நாடுகடத்தப்பட்டவர்னு சொன்னாதான் பொருந்தும்.

அப்போ எமிக்ரேக்கு? அகதின்னா கதியத்தவங்க, ஆனா இவங்கள்ல பல பேர் எல்லை தாண்டிப் போயி படையே திரட்டினாங்க. குடிபெயர்ந்தவர்னா பிழைப்புக்கு ஊர் மாறினவங்க மாதிரி கேக்குது. என் ஓட்டு புலம்பெயர்ந்தவர்க்குத்தான். பட்டினப்பாலைல 'புலம்பெயர் மாக்கள்'னு வர்றது காவிரிப்பூம்பட்டினத்துல இருந்த வெளிநாட்டுக்காரங்களத்தான், ஆனா இன்னைக்கு ஈழத்தமிழர் வழக்குல போர், அரசியல்னு அந்தச் சொல்லுக்கு நல்லாவே கனம் ஏறியிருக்கு.

மரி தெரேஸ் 1799ல இப்போ லாட்வியால இருக்கற மிட்டாவ்ல ஆர்த்வாவோட மகனையே கட்டிக்கிட்டாங்க, இங்கிலாந்து வரைக்கும் அலைஞ்சு 1814லதான் பிரான்ஸ் திரும்பினாங்க. மாமனார், அதான் முதல்ல ஓடின அந்த ஆர்த்வா, பத்தாம் சார்ல்ங்கற பேர்ல ராஜாவாகி 1825ல எமிக்ரேக்களுக்கு நஷ்டஈட்டுச் சட்டமே போட்டாரு. அதுக்குப் பேரே 'எமிக்ரேக்களின் நூறு கோடி'. அஞ்சே வருஷத்துல, 1830ல, மறுபடி புரட்சி வெடிச்சு மொத்தக் குடும்பமும் கப்பல் ஏறிடுச்சு.