சம்பள ஆளா, சும்மா வந்தவனா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு ரெயூனியனில், சேந்தாந்த்ரே ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. தீயணைப்புக்காரர்கள் நாங்கள் போவதற்குள் அந்த வீட்டு அம்மா, புதுச்சேரிக்காரர், மூடியைப் போட்டு அடுப்பை நிறுத்தியிருந்தார். தண்ணீர் ஊற்றாமல் விட்டாரே, அதுவே பெரிய புண்ணியம். கையில் மட்டும் சூடு. எங்கள் பையன் அதைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருக்க, அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, இந்தப் பையன் சம்பள ஆளா, சும்மா வந்தவனா?"

சும்மா வந்தவன்தான். அவனுக்குப் பிழைப்பு, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல். எண்ணெய்த் தீயைப் பற்றி என்னைவிட அவனுக்கு அதிகம் தெரியும்.

பிரான்சு முழுக்கச் சுமார் இரண்டரை லட்சம் பொம்பியேக்கள், அதாவது தீயணைப்புக்காரர்கள். ஐந்தில் நான்கு பேர் தொண்டர்கள். தீயணைப்புக்கான அவசர எண் 18-ஐ அழைத்தால் வருகிற வண்டியில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும். 'சும்மா' என்பதும் முழுக்கச் சரியில்லை. சம்பளம் கிடையாது, மணிக்கு இவ்வளவு என்று ஒரு படித்தொகை உண்டு, அதற்கு வரி இல்லை. ஒப்பந்தம் 5 ஆண்டு, புதுப்பிக்கலாம். அதற்கான பயிற்சி முடிக்காதவர் தீக்குள் போக முடியாது. பதவியில் மேலே இருந்தால் சம்பளக்காரனான எனக்கே உத்தரவு போடுவார். போட்டும் இருக்கிறார்கள்.

தொண்டர்கள் எதற்கு என்று, மலை ஊரான சிலாவோசுக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்தச் சாலையில் 400-க்கும் மேற்பட்ட வளைவுகள். கீழே சேன்-லூயியிலிருந்து வண்டி ஏறிவர ஒரு மணி நேரம் ஆகிவிடும். எங்களுக்கு வரும் அழைப்புகளில் தீ கொஞ்சம்தான், பத்தில் எட்டு ஆளைக் காப்பாற்றும் வேலை. மாரடைப்பு வந்தவர் அத்தனை வளைவுக்கும் காத்திருப்பாரா? அந்த ஊரிலேயே குடியிருப்பவர்தான் முதலில் வந்தாக வேண்டும்.

சிக்கல் வாரநாள் பகலில். தொண்டர்கள் எல்லாரும் அவரவர் வேலையில் இருப்பார்கள். பயிற்சிக்கும் அழைப்புக்கும் ஆளை விடுவது பற்றி முதலாளி தீயணைப்புத் துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நம் கடைக்காரர்களிடம் இதைச் சொன்னால், "கல்லாவுல யாரு உட்காருறது?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் தீப்பிடித்தால் அந்தக் கடைக்கும் இவர்கள்தான் வருவார்கள்.

அழைப்பு வருமென்று தொண்டர் காத்திருக்கும் நேரம் வேலையா ஓய்வா என்பதும் இன்னும் ஓயாத வழக்கு. வீட்டில் இருந்தாலும் அழைத்த 8 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டிய ஒரு பெல்ஜியத் தொண்டருக்கு, அது வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018-இல் சொன்னது. பிரான்சில் அதிகாரிகள் பதறிப்போனார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் தப்பு தெரியவில்லை.

சரி, 18-ஐ அழைத்தால் முதலில் ஊரும் தெருவும் சொல்லுங்கள், அப்புறம் நடந்தது. வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வாசல் கேட்டைத் திறந்து, நாயைக் கட்டிவிடுங்கள். அது சம்பள ஆள், தொண்டர் என்று பார்த்துக் கடிப்பதில்லை.