உரம் போடுறதுக்கு முன்னாடி தண்ணிய நாக்குல வச்சுப் பாருங்க

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மாடித் தோட்டம் போட்டுக் குடுத்து பராமரிக்கிறது தான் என் வேலை. போன் பண்ற முக்காவாசி பேர் கேக்குறது, இலை நுனி கருகுது என்ன உரம் போடணும்னு. போய்ப் பாத்தா மண்ணு மேலயும் தொட்டி ஓரத்துலயும் வெள்ளையா பூத்துக் கெடக்கும். அது உப்புங்க. நம்ம ஏரியா கடலை ஒட்டி இருக்கு, நிறைய வீட்டுல போர் தண்ணி உப்பு, அதையே ஊத்தி அது மேல யூரியா, டிஏபின்னு அள்ளிப் போட்டா ரெண்டு உப்பும் சேந்து வேரை தண்ணி இழுக்கவே விடாது, மண்ணு ஈரமா இருக்கும்போதே செடி வாடி நிக்கும். பசியா இருக்குன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் போடுவாங்க, அதோட செடி போயிடும். தயவுசெஞ்சு அந்த நேரத்துல உரத்தை நிறுத்துங்க.

தரையில வச்ச செடின்னா மழையில உப்பு கீழ இறங்கிடும், தொட்டிக்குள்ள எங்க போகும்? குழாயில வர்ற மெட்ரோ தண்ணியோ புடிச்சு வச்ச மழைத் தண்ணியோ, தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மூணு மடங்கு மெதுவா ஊத்தி அடி ஓட்டை வழியா முழுசா வடிய விடுங்க, கீழ தட்டுல தேங்குனத கொட்டிடுங்க. ஆர்ஓ மெஷின் வேஸ்ட் தண்ணிய வீணாக்க மனசில்லாம செடிக்கு ஊத்துறாங்க, அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி, பாத்ரூம் கழுவ வச்சுக்கோங்க.

இலை மஞ்சளானா எந்த இலைன்னு பாருங்க. கீழ இருக்குற பழைய இலைன்னா பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் கம்மி. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புச்சத்து, இதுக்கு யூரியா போட்டு பிரயோஜனமே இல்ல. தக்காளி அடிப்பக்கம் கருத்தா கால்சியம் காய்க்குப் போய்ச் சேரலன்னு அர்த்தம், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் ரொப்புறது தான் முக்கால்வாசி காரணம், கால்சியத்துக்குன்னு முட்டை ஓடு போட்டா அது மக்கவே மாசக்கணக்குல ஆகும்.

அப்ப என்ன தான் போடுறது? 12 இஞ்ச் தொட்டிக்கு மாசம் ரெண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். காய்ப்புல இருக்குற செடின்னா 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்குற, தண்ணியில கரையுற உரம்) லிட்டர் தண்ணிக்கு 2 கிராம், 15 நாளைக்கு ஒரு தடவை, ஈர மண்ணுல சாயங்காலமா.

காசிமேட்டுல வாங்குற மீன் கழிவை அப்படியே தொட்டியில புதைக்காதீங்க, அழுகுற சூட்டுல வேர் வெந்துடும், பூனையும் எலியும் வந்து தோண்டும். அதே எடைக்கு வெல்லம் போட்டு மூடி வச்சு, மூணு வாரம் கழிச்சு வடிகட்டி லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளிங்க. செம்பருத்தியில மாவுப்பூச்சி இருந்தா இதையும் நிறுத்திட்டு மொதல்ல பூச்சிய கழுவி எடுங்க, தழைச்சத்து ஏற ஏற தளதளன்னு வர்ற கொழுந்துல தான் அது வந்து உக்காரும்.