டிக்கெட்டை ஆன்லைனில் கட்டும் முன்

"சார், ஸ்பீடிங் டிக்கெட் வந்தது. அன்றைக்கே ஆன்லைனில் கட்டிவிட்டேன். இப்போது இன்சூரன்ஸ் ஏறிவிட்டது, ஏதாவது செய்ய முடியுமா?"

நியூ ஜெர்சி முனிசிபல் கோர்ட்டுகளில் வழக்காடும் எனக்கு நம்மவர்களிடமிருந்து அடிக்கடி வரும் அழைப்பு இது. கரண்ட் பில் மாதிரி, கட்டினால் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் டிக்கெட் என்பது போலீஸ் தரும் குற்றச்சாட்டு நோட்டீஸ்; அந்தப் பணத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். பாயிண்டும், அதாவது உங்கள் லைசென்ஸ் பதிவில் ஏறும் தவறு மதிப்பெண்ணும், அதோடு சேர்ந்தே வரும்.

வேக வரம்பை 14 மைல் வரை தாண்டினால் 2 பாயிண்ட். 15 முதல் 29 வரை 4. 30, அதற்கு மேல் என்றால் 5. மூன்று ஆண்டுக்குள் 6 பாயிண்ட் சேர்ந்துவிட்டால் 150 டாலர் சர்சார்ஜ் (அபராதம் போகக் கூடுதல் கட்டணம்), ஆறுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 25 டாலர். கணக்கில் ஆறோ அதற்கு மேலோ பாயிண்ட் இருக்கும் வரை இதை வருடாவருடம் கட்ட வேண்டும். 12 சேர்ந்தால் லைசென்ஸையே நிறுத்திவைப்பார்கள்.

'நாட் கில்ட்டி' என்று பதிவு செய்யத் தயங்காதீர்கள். போலீஸ்காரரைப் பொய்யர் என்று சொல்வதாக அதற்கு அர்த்தமில்லை. ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று கேட்கிறீர்கள், அவ்வளவுதான். ரேடாரைச் சோதித்த சான்றிதழ், அதை இயக்கியவர் பெற்ற பயிற்சி, வீடியோ இருந்தால் அது, எல்லாவற்றையும் முனிசிபல் பிராசிக்யூட்டரிடம், அதாவது வழக்கை நடத்தும் அரசுத் தரப்பு வக்கீலிடம், எழுத்தில் கேட்கலாம். குற்றச்சாட்டைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதும் அவரிடம்தான். போலீஸ்காரரிடமோ ஜட்ஜிடமோ அல்ல.

பெரும்பாலும் பேச்சு 'அன்சேஃப் டிரைவிங்' பிரிவில், அதாவது நியூ ஜெர்சி சட்டத்தின் 39:4-97.2-இல், வந்து நிற்கும். முதல் இரண்டு முறை பாயிண்ட் கிடையாது. ஆனால் இது மலிவானதல்ல: முதல் முறை 50 முதல் 150 டாலர் அபராதம், கூடவே 250 டாலர் சர்சார்ஜ், கோர்ட் செலவு தனி. மூன்றாவது முறை, முந்தையது நடந்து ஐந்து ஆண்டு தாண்டாவிட்டால், 4 பாயிண்ட் விழும். ஒரு முறை பயன்படுத்திவிட்டவர் 2 பாயிண்ட் டிக்கெட்டுக்காக அடுத்ததையும் செலவழிக்க வந்தால் நான் தடுத்துப் பார்ப்பேன். டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்புக்குப் போனால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 2 பாயிண்ட் கழியும். டிக்கெட் எதுவும் வாங்காமல் ஓராண்டு ஓட்டினால் 3 கழியும்.

பிராசிக்யூட்டர் சம்மதித்தாலும் ஜட்ஜ் ஏற்க வேண்டும். என்ன தவறு செய்தீர்கள் என்று அவர் உங்கள் வாயாலேயே கேட்பார். ஒரு இளைஞருக்கு எல்லாம் பேசி முடித்திருந்தேன். ஜட்ஜ் கேட்டதும், "எல்லோரும் போன வேகத்தில்தான் போனேன், நான் எந்தத் தப்பும் செய்யவில்லை" என்றார். ஜட்ஜ் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, "அப்படியானால் விசாரணைக்கு வைத்துக்கொள்வோம்" என்றார். வராண்டாவில் பத்து நிமிடம் பேசினோம். 'கில்ட்டி' என்று சொன்னால் கிரிமினல் முத்திரை விழுந்துவிடும் என்று பயந்திருக்கிறார். இது கிரிமினல் குற்றமல்ல என்று விளக்கினேன். "பொய் சொல்ல வேண்டாம். தப்பே செய்யவில்லை என்றால் வழக்கை நடத்துவோம். செய்திருந்தால் அதைச் சொல்லுங்கள்" என்றேன். மறுபடி உள்ளே போனபோது, வேகமாகப் போய்க்கொண்டே குறுகிய இடைவெளியில் லேன் மாறியதைத் தெளிவாகச் சொன்னார். ஜட்ஜ் ஏற்றுக்கொண்டார்.

விபத்தோடு வந்த டிக்கெட் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். திறந்த கோர்ட்டில் நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டால், எதிராளி நஷ்ட ஈடு கேட்டுப் போடும் சிவில் வழக்கில் அதையே உங்களுக்கு எதிரான சாட்சியமாக வைக்கலாம். இதைத் தடுக்க 'சிவில் ரிசர்வேஷன்' உண்டு. கேட்டால், தக்க ஆட்சேபம் இல்லாதவரை ஜட்ஜ் கொடுத்துவிடுவார். ஆனால் ஒப்புக்கொள்ளும் அதே நேரத்தில் கேட்டாக வேண்டும். முன்னால் நின்ற காரின் பம்பரில் லேசாக இடித்த ஒரு அம்மா, வக்கீல் இல்லாமல் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். எதிராளியின் வக்கீல் அனுப்பிய கடிதத்தோடு அவர் என்னிடம் வந்தபோது, சிவில் ரிசர்வேஷனைக் கேட்டிருக்க வேண்டிய நேரம் தாண்டிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.