பாட்டு கேட்கவில்லை, 'டும் டும்' மட்டும் கேட்பது ஏன்?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு இது பழக்கம். எங்கோ ஒரு கடற்கரை ஹோட்டலில் டீஜே பார்ட்டி நடக்கும், என்ன பாட்டு என்று பிடிபடாது, ஆனால் 'டும் டும்' மட்டும் யன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். சில இளைஞர்கள் ஸ்பொன்சர் இல்லாமல் கைக்காசு போட்டு, அவிசாவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இலத்திரனியல் இசை விழா நடத்தினால் அந்த அடி இன்னும் தூரம் போகும்.

ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 345 மீற்றர் ஓடுகிறது. 5000 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 5000 தடவை அதிரும் கூர்மையான சத்தத்தின் ஓர் அலை வெறும் 7 சென்ரிமீற்றர். பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதி அடியின் 50 ஹேர்ட்ஸ் அலையோ கிட்டத்தட்ட 7 மீற்றர் நீளம். அத்தனை நீள அலைக்கு நாலைந்து வரிசை றப்பர் மரம் ஒரு தடையே இல்லை, வீட்டுச் சுவரும் பெரிதாக மறிக்காது. காற்றும் கூர்மையான சத்தத்தை ஒரு கிலோமீற்றருக்குள் பத்துக்கணக்கான டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) உறிஞ்சிவிடும், 50 ஹேர்ட்ஸை ஒரு டெசிபெல் கூட உறிஞ்சாது. குரல் வழியிலேயே செத்துப்போக, அடி மட்டும் மிஞ்சுகிறது.

அப்புறம் இரவு. பகலில் தரையை ஒட்டிய காற்றுச் சூடாக இருக்கும், சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடும், அதனால் அலையின் கீழ்ப்பகுதி முந்திக்கொள்ள முழு அலையும் வானத்தை நோக்கி வளைகிறது. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் எல்லாம் தலைகீழ்: மேலே சூடு, கீழே குளிர், மேற்பகுதி முந்த அலை நிலத்தை நோக்கித் திரும்பி வந்து, மேலே போய்த் தொலைய வேண்டிய சத்தம் தூரத்து வீடுகளில் இறங்குகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இது மிகக் கடுமை. பிற்பகல் மூன்று மணி சவுண்ட் செக்கை நம்பி "பக்கத்து ஊருக்குக் கேட்காது" என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பேன்.

சத்தம் அளக்கும் மீற்றர் கருவியும் ஏமாற்றும். அதில் வழக்கமாகப் பார்க்கும் 'ஏ' அளவீடு மனிதக் காதின் போக்கில், 50 ஹேர்ட்ஸில் 30 டெசிபெல் கழித்தே காட்டுகிறது. தூக்கம் கெட்ட ஆச்சி பொய் சொல்லவில்லை, எண்தான் பேஸைக் கழித்துவிட்டது. பேஸை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவீட்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

ஜேர்மனியில் லேர்ஸ் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், பழைய சோவியத் விமானத்தளத்தில், 1997 முதல் ஃபியூஷன் விழா நடக்கிறது. அங்கே புல் முளைத்த மண் போர்த்திய விமானக் கொட்டகைகள் உண்டு. பேஸை மறிக்க அப்படிப்பட்ட கனம் வேண்டும். நம்மிடம் அது இல்லை, ஆனால் வேறு ஒரு வழி இருக்கிறது, எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்ததும் அதுதான். பேஸை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் ஒலிபெருக்கிப் பெட்டிகள் மூன்றை அடுக்கி, நடுப்பெட்டியை மட்டும் பின்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். அதன் சிக்னலைத் தலைகீழாக்கி, ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் என்ற கணக்கில் தாமதப்படுத்துகிறார்கள். முன்பெட்டிகளின் அலை சுற்றிக்கொண்டு பின்னால் வரும் நேரத்தில் நடுப்பெட்டியின் எதிர் அலையும் கிளம்ப, ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முன்னால் ஆடுபவர்களுக்கோ இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வந்து அடி குறையாமல் விழும். பின்னால் நின்று பார்த்தால் நம்பவே முடியாது, கூட்டம் குதிக்கிறது, நெஞ்சில் அதிர்வு இல்லை.

இது பின்பக்கத்துக்கு மட்டும்தான் உதவும். எனவே மேடையின் முதுகு ஊர்ப்பக்கம் இருக்க வேண்டும், பெட்டிகள் வீடில்லாத பக்கம் பார்க்க வேண்டும். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபெல்தான் குறையும் என்பதால், மேடையை நூறு மீற்றர் தள்ளிப் போடுவது கிட்ட இருக்கும் வீட்டுக்கு உதவும், ஒரு கிலோமீற்றர் தள்ளியிருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கடைசி அளவை இருட்டிய பிறகு, ஆக அருகிலுள்ள வீட்டு வாசலில், வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். அவர் "இன்னும் குறைங்கோ" என்றால், மீற்றர் என்ன சொன்னாலும் குறைக்க வேண்டும்.