இருக்கைக்கு அடியில் அரிவாள் எதற்கு? வீட்டுக்கும் வண்டிக்கும் ஏற்ற தற்காப்புக் கருவிகள்

குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், தஞ்சை, திருவாரூர் பகுதிக் கட்சிக்காரர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பதில், "பாதுகாப்புக்குத்தான் சார் வெச்சிருந்தேன்" என்பது. கொல்லையில் மட்டை வெட்ட அரிவாள் இருப்பது இயல்பு. ஆனால் கொள்ளிடக் கரைச் சாலையில் நள்ளிரவு வாகனச் சோதனையின்போது அது காரின் இருக்கைக்கு அடியில் கிடந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி வகைகள் ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என உருவாக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைக் கோருபவர், காருக்குள் என்ன விவசாயம் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை அளிக்கின்றன. எனினும், தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றும், அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்றும் 37ஆம் பிரிவு வரம்பு விதிக்கிறது. ஆகவே, எதிராளியை வீழ்த்துமா என்று பார்த்துக் கருவி வாங்குவதைவிட, கதவைத் தாழிடவும், வண்டியைக் கிளப்பவும், அவசர உதவி எண்ணான 112ஐ அழைக்கவும் சில நொடிகள் பெற்றுத் தருமா என்று பார்த்து வாங்குவதே சட்டத்துக்கும் உயிருக்கும் பாதுகாப்பு.

இந்த அளவுகோலுக்குப் பெரும்பாலும் பொருந்துவது, கண்ணை எரியவைக்கும் காரக் கரைசலைப் பீய்ச்சும் பெப்பர் ஸ்பிரே. ஆனால் கண்ணாடி ஏற்றி ஏசி ஓடும் காருக்குள் அதை அடித்தால், எதிராளியோடு ஓட்டுநரின் கண்ணும் மூடிக்கொள்ளும். வண்டிக்கு வாங்குபவர்கள் புகைபோலப் பரவும் வகையைத் தவிர்த்து, நேர்கோட்டில் பீய்ச்சும் வகையையோ ஜெல் வகையையோ தேர்ந்தெடுப்பது நல்லது. அழுத்தம் ஏற்றிய இந்தக் குப்பிகளை 50 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும் என்பதால், இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். கைப்பையின் அடியில் கிடக்கும் குப்பி, வயல் நடுவே ஸ்கூட்டரில் வரும் பெண்ணுக்கு எந்த வகையிலும் உதவாது.

உரிமம் தேவையில்லை என்பதற்காக பெப்பர் ஸ்பிரேயை வாய்த்தகராறில் எடுக்கவும் கூடாது. ஒரு தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் தற்காப்பு வாதம் எடுபடவில்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகளுக்கு என் யோசனை வேறு. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் கூடத்தில் ஸ்பிரே அடிப்பது அவருக்கே ஆபத்தாக முடியலாம். அங்கே கொல்லைக் கதவுக்கு உறுதியான தாழ்ப்பாள், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கு, கட்டிலருகே கண்ணைக் கூசவைக்கும் டார்ச், அழுத்தினால் தெருவுக்கே கேட்கும் அலாரம் ஆகியவையே முதலில் தேவை. சிலம்பம் கற்றவர்கள் கம்பை நம்புகிறார்கள். குறுகிய ரேழியில் அதைச் சுழற்ற இடமிருக்காது. மின்னதிர்ச்சிக் கருவிகளைப் பொறுத்தவரை, இணையத்தில் கிடைப்பதாலேயே ஒரு பொருள் உரிமம் தேவையற்றது ஆகிவிடாது. திருடனுக்கோ பன்றிக்கோ பயந்து வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதைத் தற்காப்பு என்று எவரும் என்னிடம் வாதிட வேண்டாம். அதில் முதலில் கை வைப்பவர் பக்கத்து வயல்காரராக இருக்கலாம்.

ஸ்பிரேயைப் பயன்படுத்த நேர்ந்தால் அங்கேயே நிற்காமல் விலகி, 112ஐ அழையுங்கள். உங்கள் கண்ணில் பட்டிருந்தால் தேய்க்காமல், காற்றோட்டமான இடத்தில் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். பயன்படுத்திய குப்பியை வாய்க்காலில் எறிந்துவிடாமல், வாங்கிய ரசீதோடு காவல் நிலையத்தில் காட்டி, நடந்ததை நீங்களே முதலில் எழுத்துமூலம் தெரிவித்து, அதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.