முப்பது இடமும் ஒரு திட்ட விலக்கமும்

"ஹார்வர்டிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டாமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோட்டா என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் உள்ளே ஒரு அழகான கணக்கு ஓடுகிறது.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்பட எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்தது ஐவி லீக். விளையாட்டுக்கென்று இங்கே உதவித்தொகை கிடையாது. குடும்ப வசதியைப் பார்த்துத்தான் பண உதவி. ஆனாலும் அமெரிக்கக் கால்பந்துக்கு (முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) அணி வேண்டும். படிப்பும் கெடக்கூடாது. இதற்காக 1980-களில் வந்ததுதான் அகாடமிக் இண்டெக்ஸ். பள்ளி மதிப்பெண்ணையும் எஸ்ஏடி போன்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணையும் கலந்து ஒரே எண்ணாக்குவார்கள். உச்சம் 240. 2011-ல் குறைந்தபட்ச எல்லையை 176 ஆக்கினார்கள்.

இனிமேல்தான் ருசி. எல்லாருக்கும் ஒரே கட்-ஆஃப் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்கள் அனைவரின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்பில் 'இது எங்கே உதவப்போகிறது' என்று நாம் சலித்துக்கொண்ட அதே திட்ட விலக்கம்தான்: மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் அளவு. நெடுநாள் வழக்கத்தில் இருந்த பங்கீடு இது: ஆண்டுக்கு 30 கால்பந்து வீரர்களில், சராசரிக்குக் கீழே ஒரு விலக்கத்துக்குள் 8 பேர், ஒன்று முதல் ஒன்றரை வரை 13, அங்கிருந்து இரண்டு வரை 7, இரண்டரை வரை வெறும் 2. இந்த நான்கு பிரிவுகளும் நான்கு பட்டைகள்.

இண்டெக்ஸ் 200 உள்ள ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். ஒரு கல்லூரியில் சராசரி 220, விலக்கம் 12 என்றால் அவன் 1.67 விலக்கம் கீழே. ஏழு பேர் பட்டையில் நிற்கிறான். இன்னொன்றில் சராசரி 212, விலக்கம் 14 என்றால் 0.86 மட்டுமே, மேல் பட்டைக்கே போய்விடுகிறான். ஆட்டமும் அதேதான், மார்க்கும் அதேதான். முதல் பயிற்சியாளர் அவனுக்காகக் கீழ்ப்பட்டையின் அரிய இடம் ஒன்றைச் செலவழிக்க வேண்டும். இரண்டாமவருக்கோ, நல்ல ஆள் கிடைப்பதே கஷ்டமான மேல் பட்டையில் ஒரு இடம் நிரம்பிவிட்டது. மைதானத்தையே எட்டிப் பார்க்காத கணிதத் துறைப் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண்ணோடு வந்து சேர்ந்து சராசரி ஏறினால், பயிற்சியாளரின் பட்டியல் சுருங்கிவிடும்!

பயிற்சியாளர் பெயர்களை முன்வைக்கலாம், அவ்வளவுதான். முடிவு சேர்க்கை அலுவலகத்துடையது. சூத்திரத்தை லீக் வெளியிடாமல் மூடி வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. பதினேழு வயதுப் பிள்ளையை ஒரு எண்ணால் அளந்தால், அந்த எண் எப்படி வந்தது என்று அவனுக்குச் சொல்ல வேண்டாமா?

மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் பட்டைகள் இல்லை. வீரர்களின் மொத்தச் சராசரியைத்தான் பார்ப்பார்கள். அங்கே பயிற்சியாளர்கள் ஒரு தந்திரம் செய்வதுண்டு. 230-க்கு மேல் இண்டெக்ஸ் உள்ள, சுமாராக ஆடும் ஒருவனைச் சேர்த்துக்கொள்வார்கள். நாலு வருஷமும் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருப்பான். அவன் தூக்கிவிட்ட சராசரியில், 190 எடுத்த நட்சத்திர ஆட்டக்காரன் உள்ளே வந்திருப்பான்.