கோயிலுக்கு எத்தனை டன் போடலாம் சார்?

இந்த வருஷத்தில் இது மூன்றாவது கோயில் (எங்கள் பேச்சில் கோயில் என்றால் சர்ச்). அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் ஒரு சபையின் செயலாளர் போன் செய்தார். "சார், ஏசி போட்டும் வேர்க்குது. கம்பெனிக்காரங்க இன்னும் நாலு மெஷின் போடணும்ங்காங்க. எத்தனை டன் போடலாம்னு நீங்க வந்து பாத்துச் சொல்லணும்." தூத்துக்குடி மாவட்டத்தில், செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய ஊர். நான் எனர்ஜி ஆடிட்டர். மில், ஆஸ்பத்திரி, கல்லூரி என்று கரண்ட் எங்கே வீணாகிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. கோயில்களுக்குப் போவதில் காசு கிடையாது, அசனச் சாப்பாடு, அதாவது சபை விருந்து, மட்டும் உண்டு. ஆனாலும் போவேன், நானும் சபைக்காரன்தானே.

ஞாயிறு காலை பத்தேகாலுக்கு, ஆராதனை நடக்கும்போதே, பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மேலே காட்டினேன். தலைக்கு மேலே பளபளவென்று வெள்ளை பி.வி.சி. சீலிங். 43 டிகிரி. உட்கார்ந்திருந்த பெஞ்ச் 33. ஆராதனை முடிந்ததும் ஏணி போட்டு ஒரு சீலிங் பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டேன். ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே இருந்த காற்று 52 டிகிரி. எலி கடித்த வயர் ஒன்று வேறு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அப்புறம்.

நடந்தது இதுதான். பழைய ஓட்டுக் கூரை ஒழுகியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைப் பிரித்துவிட்டு, கருஞ்சிவப்புக் கலர் ஷீட் போட்டார்கள். உள்ளே சூடு தாங்கவில்லை என்று பி.வி.சி. சீலிங் அடித்தார்கள். அப்படியும் தாங்கவில்லை என்று எட்டு இடத்தில் இரண்டு டன் ஏசி மாட்டினார்கள். ஏசி காற்று வெளியே போகக் கூடாதென்று, கூரையை ஒட்டி இருந்த காற்றுப் போக்கிகளைக் கண்ணாடி வைத்து அடைத்தார்கள். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் தப்பை மறைக்க ஒரு செலவு. எல்லாம் சனங்கள் போட்ட காணிக்கை.

இப்போது எனக்கு எரிச்சலூட்டும் அந்த ஒரு வசனத்துக்கு வருகிறேன். எந்தக் கமிட்டியில் போய் உட்கார்ந்தாலும் ஒருவராவது சொல்லிவிடுவார்: "வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தானே ஓடப் போவுது, அதுவும் இன்வெர்ட்டர் ஏசி. கரண்ட் பில் என்ன பெருசா வந்திரும்?"

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பில் மலை மாதிரி வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரக் கணக்கே தப்பு. ஆறு நாள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த கட்டடம் அது. சுவர், தரை, மர பெஞ்சுகள், சீலிங் எல்லாம் ஆறு நாள் சூட்டைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. எட்டரை ஆராதனைக்கு எட்டு மணிக்கு சுவிட்சைப் போட்டால் குளிராது. அதனால் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஆறு மணிக்கே போட்டுவிடுகிறார். பத்தரைக்கு நிறுத்துகிறார். இரண்டு மணி நேரம் நாலரை மணி நேரம் ஆகிவிட்டது. சரி, இன்வெர்ட்டர் ஏசிதானே என்கிறீர்களா? அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடுவதில்தான் அந்த மெஷினின் சிக்கனமே இருக்கிறது. இங்கே அறை குளிரவே இல்லையே! ஆறு மணியிலிருந்து ஆசீர்வாதம் கூறும்வரை முழுவேகத்தில் திணறிக்கொண்டு ஓடுகிறது. ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறைக்கு இன்வெர்ட்டர் ஏசி நல்ல முதலீடு. இந்தக் கோயிலில் அதற்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

ஏன் குளிரவில்லை? கணக்குப் பாருங்கள். ஒரு டன் ஏசி என்றால் மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியே தள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் நூறு வாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு விடுகிறார். முந்நூறு பேர் என்றால் முப்பத்து மூன்று கிலோவாட், அதற்கே ஒன்பது டன்னுக்கு மேல் போய்விட்டது. எண்பதுக்கு நாற்பது அடிக் கட்டடம். அந்த 43 டிகிரி சீலிங் தலையில் கொட்டும் சூட்டுக்கு இன்னொரு ஆறு, ஆறரை டன். பதினாறு டன்னும் தீர்ந்தது. கதவைத் திறந்து பிந்தி வருகிறவர்கள், கிழக்குப் பக்கத்துக் கண்ணாடி, சுவர், வெளிக்காற்று இதற்கெல்லாம் ஒன்றும் மிச்சமில்லை. இன்னும் எட்டு டன் போட்டால் குளிரும்தான். ஆனால் அதற்கு லோடு ஏற்றி வாங்க மின்வாரியத்தில் டெபாசிட், வளர்ச்சிக் கட்டணம், புது கேபிள், புது மெயின் போர்டு என்று மெஷின் விலைக்கு மேலே ஒரு செலவு காத்திருக்கிறது. கொட்டேஷனில் அந்த வரி இருக்காது.

இன்னொன்று. முந்நூறு பேரை அடைத்து வைத்த அறையில் ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவராது. விட்ட மூச்சையே எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பாதிப் பேருக்குத் தலை கனக்கும், கண் சொக்கும். பிரசங்கத்தில் சபை தூங்கினால் போதகர் ஐயரைக் குறை சொல்லாதீர்கள்.

நான் ஏசிக்கு விரோதி இல்லை. எப்போதாவது ஆள் கூடும் கட்டடத்துக்கு, நாளெல்லாம் சும்மா இருந்தே வேலை செய்கிற பொருளில்தான் முதல் காசைப் போட வேண்டும் என்கிறேன். கூரை, நிழல், காற்று. இவற்றுக்கு சுவிட்ச் கிடையாது, மீட்டர் கிடையாது. இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் 1847-ல் தொடங்கி 1880-ல் பிரதிஷ்டை செய்த ஆலயத்தில் சித்திரை மாதத்தில் போய் நின்று பாருங்கள். அவர் கட்டும்போது கரண்ட் கிடையாது. கெட்டிச் சுவர், உயரமான கூரை, ஆளுயரத்துக்கும் மேலான ஜன்னல்கள். நம் தாத்தாக்கள் அங்கே முழு ஆராதனைக்கும் உட்கார்ந்து எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் கூரைக்கு வெள்ளை அடியுங்கள். அதற்கென்றே வெயிலைத் திருப்பி அடிக்கும் கூல் ரூஃப் பெயின்ட் கிடைக்கிறது. கருஞ்சிவப்பு ஷீட்டும் வெள்ளை ஷீட்டும் ஒரே வெயிலில் நின்றால் பதினைந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டும். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, இரண்டு கோட். வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், தேரி மண் படிந்தால் பாதிப் பலன் போச்சு. கான்கிரீட் கூரை என்றால் முதலில் ஒழுகலைச் சரிசெய்யுங்கள், பிறகு வெள்ளைத் தட்டோடு பதிக்கலாம். காசில்லாத சிறிய சபையா? கோடை தொடங்குமுன் சுண்ணாம்பு அடியுங்கள், ஒரு மழைக்காலத்தோடு போய்விடும், மறுபடி அடியுங்கள். வாலிபர் சங்கத்துக்கு ஒரு சனிக்கிழமை வேலை. ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷீட் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலம் உள்ளே விடும். உங்கள் ஆறு மணி ஜெபக் கூட்டம் காலை ஆராதனையைவிடப் புழுங்குவது அதனால்தான்.

அஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன், அதை உலர வைத்துக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பையன்களை அதன்மேல் ஏற்றவும் செய்யாதீர்கள். பழைய ஷீட் சத்தமில்லாமல் உடையும். ஏணி, குறுக்குப் பலகை, கயிறு, தெரிந்த ஆள் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

சீலிங்குக்கு மேலே சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் விரிக்கலாம், தீப்பிடிக்காத கல் இழைப் பஞ்சான ராக்வுல் நல்லது. தெர்மாகோல் வேண்டாம். கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி ஆராதனை நடக்கிற இடம், மேலே எலி கடித்த வயர், நடுவில் தெர்மாகோல். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

காற்றுப் போக்கிகளைத் திறங்கள். புறா வருகிறது என்றால் வலை அடியுங்கள், கண்ணாடி வேண்டாம். கூரை உச்சியில் சுற்றும் உருண்டை வென்டிலேட்டரைச் சிலர் ஆசையாக வாங்கி மாட்டிவிட்டு, கீழே எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே வர வழியில்லாத காற்று எப்படி வெளியே போகும்?

ஃபேன் விஷயத்தில் நான் சொல்வது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்காதீர்கள். ஆமாம், பழையது 75 வாட், புதியது 30 வாட். ஆனால் கோயில் ஃபேன் வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஓடினால் பெரிது. ஒரு ஃபேனுக்கு வருஷத்தில் இருபது யூனிட்கூட மிச்சமாகாது. போட்ட காசு திரும்ப வருமுன் ஃபேனுக்கே வயதாகிவிடும். பழசு கெட்டால் புதியதை வாங்குங்கள், அதுவரை சேகர ஆபீஸ், ஹாஸ்டல், ஐயர் வீடு என்று நாளெல்லாம் ஃபேன் ஓடும் இடங்களில் மாற்றுங்கள்.

மாறாக, இந்தக் கோயில் காம்பவுண்டில் 250 வாட் சோடியம் விளக்கு ஒன்று சாயங்காலம் முதல் விடியும்வரை எரிகிறது. சோக்கையும் சேர்த்தால் 275 வாட், பன்னிரண்டு மணி நேரம், 365 நாள். வருஷத்துக்கு 1,200 யூனிட். கோயிலுக்குள் இருக்கும் இருபத்து நாலு ஃபேனும் வருஷம் முழுக்க இழுப்பது 750 யூனிட்தான். பொருளாளர் அண்ணாச்சி காகிதத்தை வாங்கி மறுபடி ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். நட்சத்திர சீரியல் செட்டை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுகிறவர் அவர். எழுபது வாட் எல்.இ.டி. ஒன்றும், இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் தானே அணையும் சென்சார் ஒன்றும் போதும். கோபுரத்துச் சிலுவை விளக்குக்கும் இதேதான்.

அப்புறம் சுவிட்ச் போர்டு. ஒரு சுவிட்சில் எட்டு ஃபேன். புதன்கிழமை பெண்கள் ஜெபத்துக்கு வரும் பன்னிரண்டு பேருக்காகப் பாதிக் கோயிலும் சுற்றுகிறது. எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை கொடுத்து வரிசைவாரியாகப் பிரியுங்கள். ஃபேன் அறையைக் குளிரவைக்காது, ஆளைத்தான் குளிரவைக்கும். ஆளில்லாத பெஞ்சுக்கு எதற்குக் காற்று?

அந்த எலி கடித்த வயர். சீலிங்குக்கு மேலே போகும் எல்லா வயரும் குழாய்க்குள் போக வேண்டும். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத போர்டில் மைக் பிடித்துப் பாடவே கூடாது என்பது என் கட்சி. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குக் கோயில் மீட்டரிலிருந்து வயர் இழுத்திருந்தால் இன்றே கழற்றுங்கள். வழிபாட்டு இடத்துக்கு மின்வாரியம் தனி டாரிஃப் கொடுத்திருக்கிறது, வாடகை மண்டபத்துக்கு அது செல்லாது. பிடிபட்டால் அபராதம். பிடிபடாவிட்டாலும், கோயில் அய்யா அது.

சோலார்? கடைசியில் பேசலாம். 'பி.எம். சூர்ய கர்' மானியம் கோயிலுக்கும் உண்டு என்று ஒரு விற்பனைக்காரர் சொன்னாராம். 2024-ல் வந்த அந்தத் திட்டம் குடியிருப்புகளுக்கானது. ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் நாளுக்கு நாலு யூனிட் சுமாராகத் தரும், வாரத்தில் ஏழு நாளும் தரும். நீங்கள் இழுப்பதோ ஞாயிறு காலையில். மிச்ச ஆறு நாள் உற்பத்தியை யார் வாங்குகிறார்கள், என்ன விலைக்கு என்று எழுத்தில் வாங்கிய பிறகு என்னிடம் வாருங்கள். பக்கத்திலேயே பள்ளிக்கூடமோ ஹாஸ்டலோ இருந்தால் பேனலை அங்கே வையுங்கள்.

காம்பவுண்ட் முழுக்கப் பேவர் பிளாக் பதித்துவிட்டு, நின்ற வேம்பை வெட்டியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மரியாதையாக இருக்காது.

அந்தச் சபை எட்டு டன்னை நிறுத்தி வைத்தது. கூரைக்கு வெள்ளை அடித்து, இருபக்கமும் முகட்டுக்குக் கீழே வலைவைத்த திறப்பு விட்டு, சீலிங்குக்கு மேல் ராக்வுல் விரித்தார்கள். மே மாதம் மூன்றாம் ஞாயிறு அதே பெஞ்சிலிருந்து அதே நேரத்துக்குப் பார்த்தேன். சீலிங் 36. ஏசியில் நாலு ஓடியது, நாலு ஓடவில்லை, ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. (ஏசியும் ஜன்னலும் சேர்ந்தா என்று அடிக்க வராதீர்கள். அதற்கு இன்னொரு நாள் சண்டை போட வேண்டும்.)

ஒன்றே ஒன்று பாக்கி. ஃபேன்கள் பதினெட்டு அடி உயரத்தில், சீலிங்கை ஒட்டிச் சுற்றுகின்றன. கீழே உட்கார்ந்தவன் தலைமுடி அசையவில்லை. முன்பு நீளக் கம்பியில் ஒன்பது, பத்து அடி உயரத்தில்தான் தொங்கினவாம். கல்யாண வீடியோவில் பீடத்தை மறைக்கிறது என்று யாரோ சொல்லிக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். புதுக் கம்பிக்கு எவ்வளவு ஆகும் என்று செயலாளர் கணக்குப் போட ஆரம்பித்தார். கோயில்பிள்ளை அதுவரை வாய் திறக்கவில்லை. என்னைக் கையைப் பிடித்துக் கோயிலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அசனப் பாத்திரங்கள் வைக்கும் அறையில், அண்டாக்களுக்குப் பின்னால், சாக்கில் சுற்றி இருபத்து நாலு கம்பியும் இருந்தன.

"எடைக்குப் போடச் சொன்னாவ சார். நாந்தான் வச்சிருந்தேன்."